கட்டாய இலை

1

இந்தக் கதை ஒரு புகார்க் கடிதமாகப் பிறந்தது. என் மகள் படிக்கும் கல்லூரியில் விடுதிச் சாப்பாடு கட்டாயம். சாப்பிட்டாலும் பணம், சாப்பிடாவிட்டாலும் பணம். அவள் பாதி நாள் வெளியில் தின்றுவிட்டு வருகிறாள். அந்த மெஸ் சப்பாத்தியைப் பற்றி அவள் சொன்னதை அப்படியே எழுதினால் பத்திரிகைக்காரர் வெட்டிவிடுவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, காபி ஆறுவதற்குள் முடித்துவிடுவது என்று கல்லூரி நிர்வாகத்துக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். 'ஐயா, உண்ணாத உணவுக்குக் கட்டணம் வாங்குவது எந்த ஊர் நியாயம்' என்று ஆரம்பித்தேன். நல்ல ஆரம்பம்தான். இப்போது நினைத்தாலும் எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருக்கிறது.

இரண்டாவது பத்தியில் வந்தது வினை. 'எல்லாரையும் கட்டாயப்படுத்தி ஒரே பந்தியில் உட்கார வைப்பதால் யாருக்கு என்ன லாபம்?' என்று எழுதிவிட்டேன். எழுதிய கையோடு, லாபம் அடைந்தவன் ஒருவனாவது எப்போதாவது இருந்திருப்பானோ என்று சந்தேகம் வந்தது. சந்தேகம் வந்தால் புகார் எழுத முடியாது. கதைதான் எழுத முடியும்.

அந்த ஒருவனுக்கு நீலமேகம் என்று பெயர் வைத்தேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தேழாம் வருஷம், ராயபுரத்தில் ஒரு தொழிற்கல்லூரியில் முதலாண்டு மாணவன். அப்படி ஒரு கல்லூரி ராயபுரத்தில் இருந்ததில்லை, நான் கட்டியது. கல்மண்டபம் பக்கம் போய் யாரையாவது விசாரித்து அலையாதீர்கள்.

2

தொடக்கம் அமையாமல் நான் பட்ட பாட்டைக் கொஞ்சம் பாருங்கள்.

'துறைமுகத்துச் சங்கு ஊதியபோது நீலமேகத்துக்குப் பசி வயிற்றைக் கிள்ளியது. அவன் —'

(வேண்டாம். ஏழைப் பையன் என்றதும் பசியை எடுத்துக்கொண்டு ஓடுவது சோம்பேறித்தனம். நீலமேகத்துக்குப் பசியே இல்லை. அந்த வீட்டில் இரண்டு வேளை வயிறு நிறையச் சாப்பிட்ட ஒரே ஆள் அவன்தான். அவனுடைய தொல்லையே அதுதான்.)

'கடலின் உப்புக் காற்று கல்லூரிச் சாளரங்கள் வழியே —'

(இதுவும் வேண்டாம். இந்தப் பக்கத்தில் பிறந்தவன் எவனும் கடல்காற்றைக் கவனிப்பதில்லை. கருவாட்டு வாசம் அதிகமானால் ஜன்னலைச் சாத்துவான், அவ்வளவுதான்.)

'ராஜாத்தி பள்ளிக்கூடத்தை விட்டு நின்ற அன்று, அவள் அண்ணன் கல்லூரியில் அவியல் சாப்பிட்டான்.'

இது இருக்கட்டும். இதில் பொய் எதுவும் இல்லை. எல்லாமே பொய்தான், இருந்தாலும் இது இருக்கட்டும்.*

* அந்தக் காலத்து மதராஸ் மெஸ்ஸில் அவியல் போட்டிருப்பார்களா என்று ஒரு நண்பர் கேட்டார். மெஸ்ஸைக் குத்தகைக்கு எடுத்தவரைப் பாலக்காட்டுப் பக்கத்துக்காரராக மாற்றி அவர் வாயை அடைத்தேன்.

3

புளியந்தோப்பில் ஒற்றை அறை வீடு. அப்பா சுப்பராயன் துறைமுகத்தில் நிலக்கரி இறக்கும் கூலி. கப்பல் வந்தால் வேலை, வராவிட்டால் இல்லை. அம்மா குப்பம்மா நாலு வீட்டுக்கு மாவரைத்துக் கொடுப்பாள். ஞாயிற்றுக்கிழமை என்றால் குடும்பம் முழுக்கக் குளித்துவிட்டு, சேரிக்காரர்கள் சாதி வேண்டாமென்று சேர்ந்த பௌத்த சங்கத்துக் கூடத்துக்குப் போய்விடும். சங்கத்தார் நடத்திய ராப்பள்ளிக்கூடத்தில்தான் நீலமேகத்துக்குக் கணக்கு வந்தது. அவர்களே சிபாரிசு செய்து கல்லூரிச் சம்பளத்துக்கு உபகாரச் சம்பளமும் வாங்கிக் கொடுத்தார்கள். பையன் சேர்ந்தான். கூடத்தில் எல்லாருக்கும் பொரி கடலை கொடுத்தார்கள்.

மெஸ்ஸைப் பற்றி யாரும் சொல்லவில்லை. சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. விடுதியில் தங்குகிறவனும் சரி, வீட்டிலிருந்து நடந்து வருகிறவனும் சரி, மதியமும் சாயங்காலமும் கல்லூரி மெஸ்ஸில்தான் சாப்பிட வேண்டும். முதல் தேதி அதற்கான பணம் கட்டாதவன் பட்டறைக்குள் கால் வைக்க முடியாது. உபகாரச் சம்பளத்தில் சோற்றுக்கு இடமில்லை.

நீலமேகம் வந்து சொன்னபோது குப்பம்மாவுக்குப் புரியவே இல்லை.

"வூட்ல சோறு கீது. அத்த வுட்டுட்டு காசு குட்த்து துன்னச் சொல்றாங்களா? இன்னாடா நாயம் இது?"

(என் கடிதத்தின் முதல் வரியும் இதேதான். நான் இலக்கணத்தோடு எழுதினேன், அவள் சுருக்கமாகச் சொல்லிவிட்டாள்.)

எவ்வளவு பணம் என்று எழுதப்போவதில்லை. அந்தக் காலத்து ரூபாய், அணாவைப் போட்டால் நீங்கள் இவ்வளவுதானா என்பீர்கள். ராஜாத்தியின் கூலி அப்படியே அதற்குப் போயிற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். ராஜாத்தி தங்கை, பதின்மூன்று வயது. ஐந்தாம் வகுப்பில் இருந்தவளை நிறுத்தி, தண்டையார்பேட்டையில் ஒரு புளி மண்டியில் கொட்டை எடுக்கும் வேலைக்கு அனுப்பினார்கள். பெண்களும் சிறுமிகளும் வரிசையாகக் குந்தி, புளியைப் பிளந்து கொட்டையையும் நாரையும் எடுத்துப் போட வேண்டும். நகக்கண் முதலில் வெளுக்கும், பிறகு வெடிக்கும். ராத்திரி சாப்பிடும்போது குழம்பு பட்டால் எரிகிறது என்று வெறுஞ்சோற்றை உப்பில்லாமல் உருட்டி முழுங்குவாள்.

எதிரே உட்கார்ந்திருக்கும் நீலமேகத்துக்கு வயிறு நிரம்பியிருக்கும். அவன் சாப்பிடாமல் தங்கை சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பான். இரண்டு மாதம் இப்படிப் போயிற்று.

4

கல்லூரி முதல்வர் வால்டர் என்கிற வெள்ளைக்காரர். இவரால் எனக்குத் தூக்கம் போயிற்று. இவரை நல்லவராக்கினால் அடிக்க வருவீர்கள். கெட்டவராக்கினால் கதை சுலபமாகிவிடும், எனக்கு வேலையில்லாமல் போய்விடும். முதல் வரைவில் 'சாதி வேற்றுமையை ஒழிக்கும் உன்னத நோக்கத்துடன் வால்டர் பொதுப் பந்தியை —' என்று எழுதி, எனக்கே கூச்சமாக இருந்ததால் அடித்தேன்.

பிறகு யோசித்தபோது விஷயம் சாதாரணமாகிவிட்டது. மெஸ்ஸைக் குத்தகைக்கு எடுத்தவர் வேம்பு ஐயர். அவர் ஒரு நிபந்தனை போட்டார்: ஒரே அடுப்பு, ஒரே கூடம், மாதம் முழுக்க இத்தனை தலை என்று முன்கூட்டிச் சொல்லிவிட வேண்டும், இன்றைக்கு இருபது, நாளைக்கு அறுபது என்றால் கட்டுப்படியாகாது. வால்டருக்கும் சாப்பாட்டு விவகாரத்தில் மண்டையை உடைத்துக்கொள்ள நேரமில்லை. எல்லாருக்கும் கட்டாயம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். சில பெற்றோர்கள் தங்கள் பிள்ளைகளுக்குத் தனியறை கேட்டு வந்தார்கள். தனியறை கட்ட அவர்கள் பணம் தருவார்களா என்று வால்டர் கேட்டார். அதோடு போய்விட்டார்கள். ஐயர் சமையல்தானே என்று மனதைத் தேற்றிக்கொண்டிருப்பார்கள்.

உட்கார்வதிலும் ஒழுங்கு வேண்டுமே. ஆள் வந்தானா இல்லையா என்று பார்ப்பதற்கு வசதியாக, வருகைப்பதிவில் இருக்கிற ஆங்கில எழுத்து வரிசைப்படி இலை போட்டார்கள். ஆக, லியோனார்டுக்குப் பக்கத்தில் நீலமேகம், நீலமேகத்துக்குப் பக்கத்தில் ராமசுப்பு.

இவர்களில் லியோனார்ட் ராயபுரத்துக் கத்தோலிக்கப் பையன். வீடு மாதா கோயிலுக்குப் பின்னாலேயே, கல்லூரியிலிருந்து கூப்பிடு தூரம். ராமசுப்பு திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து விடுதியில் தங்கியிருப்பவன். அவன் என்ன சாதி என்று எழுதி, பிறகு எடுத்துவிட்டேன். அவன் நடந்துகொண்ட விதத்தைச் சொன்னால் போதும். தினமும் உட்கார்ந்ததும் தன் தையல் இலையை ஒரு சாண் தள்ளிப் போட்டுக்கொள்வான். பரிமாற வருகிறவர் வரிசை கோணுகிறது என்று இழுத்து நேராக்குவார். ராமசுப்பு மறுபடி தள்ளுவான். பட்டறையில் நீலமேகத்தின் கையில் இருக்கும் அரம் வேண்டுமென்றால் லியோனார்டிடம் சொல்லி வாங்குவான். இரண்டு மாதத்தில் நீலமேகத்திடம் நேராக ஒரு வார்த்தை பேசவில்லை.

பரிமாறுகிறவர்களும் முதலில் அப்படித்தான். நீலமேகத்தின் இலையில் மட்டும் நின்றபடியே உயரத்திலிருந்து ஊற்றுவார்கள். சாம்பார் சிதறித் தரையில் ஓடும். சாம்பார் வீணாகிறதே என்று வேம்பு ஐயர் கரண்டிக்காரரைப் பிடித்துக் கத்தினார். அடுத்த வாரத்திலிருந்து எல்லா இலைக்கும் குனிந்தே பரிமாறினார்கள். யாரும் திருந்தவில்லை. சாம்பார் மிச்சமாயிற்று.

கட்டாயம் என்ற ஒன்றால் வந்த லாபங்கள் எல்லாமே இந்த ரகத்தில்தான் இருந்தன.

5

கட்டாயத்துக்கு எதிராகக் கிளம்பியவன் லியோனார்ட். அவனைக் குறை சொல்ல என்னால் முடியவில்லை. கடிதம் எழுதுகிற நான் அவன் கட்சி. அவன் அம்மா பிலோமி கைப்பக்குவத்துக்கு அந்தத் தெருவே அடிமை. நீலமேகத்திடம் அவன் எந்தச் சாதி வித்தியாசமும் பார்த்ததில்லை. இருவரும் முதல் நாளிலிருந்தே தோஸ்து.

"மாமு, எங்கம்மா வஞ்சிரத்த கொழம்பு வச்சிகினு குந்திகினு கீது. நான் இங்க வந்து பூசணிக்கா துன்னுகினு கீறேன். துன்றதுக்குக் காசு வேற குடுக்கணும்."

வேம்பு ஐயரின் குத்தகை அந்த மாதத்தோடு முடிகிறது என்று லியோனார்ட் எப்படியோ தெரிந்துகொண்டு வந்தான். அதைப் புதுப்பிக்கும்போது, கட்டாயம் என்பதை எடுத்துவிட்டு, வேண்டுகிறவர்கள் மட்டும் சாப்பிடலாம் என்று மாற்றச் சொல்ல வேண்டும். ஐயர் கொஞ்சம் விலையைக் கூட்டிக்கொள்ளட்டும், வெளியூர்ப் பையன்கள் கொடுப்பார்கள். மீன் குழம்பைக் காரணமாகச் சொன்னால் வால்டர் சிரிப்பார். உண்மையிலேயே கஷ்டப்படுகிற ஒருவன் போய்ச் சொல்ல வேண்டும். நீலமேகம் வகுப்பில் முதல், வால்டருக்கு அவன் வரைபடங்கள் மேல் மதிப்பு உண்டு. அவன் சொன்னால் எடுபடும்.

நீலமேகம் அந்த நிமிஷமே ஒப்புக்கொண்டான். வீட்டில் சாப்பிட்டால் அந்தப் பணம் மிஞ்சும். பணம் மிஞ்சினால் ராஜாத்தி பள்ளிக்கூடம் போகலாம். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? அன்றைக்கே வீட்டில் போய்ச் சொல்லிவிட்டான். ராஜாத்தி அதிகம் பேசுகிறவள் இல்லை. ஆனால் மறுநாள் மண்டி மேஸ்திரியிடம், அடுத்த மாசத்திலிருந்து நான் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தாள். பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் பாடம் எதுவரை ஆகியிருக்கிறது என்று விசாரித்தாள். பின்னக் கணக்கு ஆரம்பித்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டு முகம் சுண்டினாள். நான் சொல்லித் தருகிறேன் என்று அண்ணன் தேற்றினான்.

(இந்த இடத்தில் கதை முடிந்திருக்க வேண்டும். நியாயம் ஒரு பக்கம், காசும் அதே பக்கம், தங்கையும் அதே பக்கம். என் கடிதமும் இதோடு முடிந்து தபாலில் போயிருக்கும். அப்படி விட்டிருந்தால் எனக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மிச்சமாகியிருக்கும்.)

6

நீலமேகத்தின் பேரில் லியோனார்ட் அலுவலகத்தில் ஒரு மனு கொடுத்து வைத்திருந்தான். முதல்வர் எப்போது கூப்பிடுவார் என்று தெரியாது. வியாழக்கிழமை மதியம், பந்தி பாதியில் இருந்தது. சாம்பார் முடிந்து ரசம் ஊற்றிக்கொண்டு வந்தார்கள். அலுவலகச் சேவகன் மஜீது கூடத்து வாசலில் வந்து நின்றான்.

"நீலமேகம் யாரு? தொரை ஒடனே வரச் சொன்னாரு."

நீலமேகம் சட்டென்று எழுந்தான்.

இதை நான் விளக்க வேண்டும், ஏனென்றால் கதை இந்த எழுந்ததில்தான் இருக்கிறது. நிலக்கரிக் கூலியின் வீட்டில் சாப்பாடு என்பது வேலைக்கு நடுவில் கிடைக்கிற இடைவெளி. கப்பல் வந்துவிட்டது என்று மேஸ்திரியின் ஆள் தெருமுனையில் நின்று குரல் கொடுத்தால், சுப்பராயன் வாயில் வைத்த கவளத்தோடு ஓடுவார். குப்பம்மா தட்டை மூடி வைப்பாள். தெருவில் எல்லா வீட்டிலும் அதுதான் வழக்கம். கூப்பிட்டும் உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தால் அன்றைய கூலி இன்னொருவனுக்குப் போகும். கூப்பிட்டதும் எழுவது நீலமேகத்துக்குப் பழக்கம்கூட இல்லை, அனிச்சையாக நடப்பது.

ராமசுப்பு வளர்ந்த வீட்டில் வழக்கம் வேறு. அங்கே பந்தி என்றால் கடைசி ஆள் முடிக்கிறவரை யாரும் எழக்கூடாது. நடுவில் ஒருவர் எழுந்துவிட்டால், அதே பந்தியில் இருக்கிற மற்றவர்கள் அதற்குமேல் இலையில் கை வைக்கக்கூடாது. விடுதியில் நிறையப் பேர் இதையெல்லாம் காற்றில் விட்டிருந்தார்கள். ராமசுப்பு விடவில்லை. அவனும் அவன் ஊர்க்காரர்கள் ரெண்டு மூன்று பேரும் எழுந்துவிட்டார்கள். அப்போதுதான் ஊற்றிய ரசத்தில் ராமசுப்பு சோற்றைப் பிசைந்து வைத்திருந்தான்.

கை கழுவும் தொட்டியடியில் நீலமேகத்தை வழிமறித்தான். முகமெல்லாம் கோபம்.

"என்னவே, உனக்குப் பந்தி முறை தெரியாதா? நீ பாட்டுக்கு நடுவுல எந்திரிச்சுப் போனா பக்கத்துல இருக்கவன் எப்படிச் சாப்பிடுவான்? இனிமே நான் முடிக்கிறவரைக்கும் நீ இலையை விட்டு எந்திரிக்கப்படாது, சொல்லிட்டேன்."

சொல்லிவிட்டு, அரைவயிற்றோடு, கையை உதறிக்கொண்டு போய்விட்டான்.

நீலமேகம் ஈரக் கையோடு அங்கேயே நின்றான். முதலில் பயந்தான். பிறகுதான் ராமசுப்பு சொன்னது மெல்ல மெல்ல உறைத்தது. தான் எழுந்ததால் அவன் சாப்பாடு கெட்டது. அப்படியானால் இதுவரை இருவரும் ஒரே பந்தியில்தான் சாப்பிட்டிருக்கிறார்கள். இலையைத் தள்ளிப் போட்டுக்கொண்டவன், முகம் கொடுத்துப் பேசாதவன், மனதுக்குள் கணக்குப் பார்க்கும்போது நீலமேகத்தைப் பந்தியில் ஓர் ஆளாக வைத்துத்தான் பார்த்திருக்கிறான். நாய் எழுந்து போனால் யாரும் சோற்றை விட்டு எழமாட்டார்கள். நீலமேகத்துக்கு வந்த சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. திட்டு வாங்கியதற்கா என்று வெட்கமாகவும் இருந்தது.

(ராமசுப்பு இங்கே திருந்திவிட்டான் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். தான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கே தெரியாது. அன்று பிற்பகல் பட்டறையில் மறுபடி லியோனார்டிடம் சொல்லித்தான் அரத்தை வாங்கினான். இதைச் சேர்க்காமல் விட்டால் கதை இனித்துப் போகும் என்று பயந்து சேர்க்கிறேன்.)

7

வால்டர் சுற்றி வளைக்கவில்லை. மெஸ் பணம் உனக்குச் சிரமமாக இருக்கிறது என்கிறார்கள், அப்படித்தானா என்று கேட்டார். ஆமாம் என்று நீ சொன்னால் அடுத்த மாதத்திலிருந்து கட்டாயத்தை எடுத்துவிடுகிறேன், வேம்புவுக்கு நாளைக்குள் சொல்ல வேண்டும் என்றார்.

ஒரு மணி நேரம் முன்னால் கேட்டிருந்தால் ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்திருப்பான். இப்போது யோசிக்க வேண்டியிருந்தது. கட்டாயம் போனால் லியோனார்ட் மீன் குழம்புக்குப் போவான். ராமசுப்புவும் அவன் ஊர்க்காரர்களும் அடுத்த தெருவில் அவர்களுக்கென்று நடக்கிற சாப்பாட்டு வீட்டுக்குப் போவார்கள். ஏற்கெனவே அங்கே பேசி வைத்திருக்கிறார்கள் என்று கேள்வி. தானும் புளியந்தோப்புக்குப் போய்விடுவான். யாரும் யாரையும் எழுந்து போ என்று சொல்ல வேண்டியதே இல்லை. அவரவர் இஷ்டம் என்ற ஒரு வார்த்தையில் பந்தி தானாகக் கலைந்துவிடும். அதன்பிறகு அவன் நடுவில் எழுந்ததற்காகக் கோபித்துக்கொள்ள ஒருவனும் இருக்கமாட்டான்.

நாளைக்குச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தான்.

இந்த நாளைக்கு என்பதுதான் என்னை வாரக்கணக்கில் உட்கார வைத்தது. சில முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

ஒன்றில் அவன் ஆமாம் என்கிறான். ராஜாத்தி பின்னக் கணக்குப் போடுகிறாள். நீலமேகம் மதியம் கல்லூரி மதிலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் தூக்குச் சட்டியைத் திறந்து தனியாகச் சாப்பிடுகிறான். சோறு நன்றாகத்தான் இருக்கிறது. இந்த முடிவில் எனக்குக் குறை சொல்ல எதுவுமில்லை, அதனால்தான் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

இன்னொன்றில் சிரமம் ஒன்றுமில்லை என்று சொல்லிவிடுகிறான். பந்தி நீடிக்கிறது. மேஸ்திரியிடம் போய், நான் வேலையை விடவில்லை என்று ராஜாத்தி மறுபடி சொல்லிவிட்டு வர வேண்டியிருக்கிறது. அந்தப் பத்தியை என்னால் எழுத முடியவில்லை. 'ராஜாத்தி மண்டி வாசலில் —' என்று நிற்கிறது.

மூன்றாவதாக, கெட்டிக்காரத்தனமாக ஒன்று. கட்டாயம் இருக்கட்டும், நீலமேகத்துக்கு மட்டும் இலவசம். எல்லாருக்கும் மகிழ்ச்சி. நானே என் முதுகைத் தட்டிக்கொண்டேன். மறுநாள் படித்தபோது வேம்பு ஐயரின் குரல் காதில் கேட்டது: தர்மச் சாப்பாடுதானே, எல்லாரும் ஆன பிறகு பின்கட்டில் போடுகிறேன். சரியாகத்தான் சொல்கிறார். நீலமேகத்தை யாரும் எழுப்பாமல் இருந்ததற்குக் காரணம் அவன் காசு கட்டியிருந்தான் என்பது மட்டுமே. மற்றவன் கட்டிய அதே காசு. அதில் ஒரு அணா குறைந்தாலும் இலை வரிசையை விட்டு நகர்ந்துவிடும். அந்த முடிவையும் கிழித்தேன்.

8

அப்போதுதான் ஒன்று தெரிந்தது. இந்தக் கதையில் குப்பம்மா பேசியிருக்கிறாள், லியோனார்ட் பேசியிருக்கிறான், ராமசுப்பு பேசியிருக்கிறான், வாசலில் நின்ற மஜீதுக்குக்கூட வசனம் கொடுத்திருக்கிறேன். ராஜாத்தி இன்னும் வாயைத் திறக்கவில்லை. அவள் வெடித்த நகத்தைப் பற்றி மட்டும் நன்றாக எழுதிவிட்டேன்.

அன்று சாயங்காலம் நீலமேகம் வீட்டுக்கு வந்தபோது அவள் குடத்தடியில் உட்கார்ந்து விரலைத் தண்ணீரில் ஊற வைத்துக்கொண்டிருந்தாள். சொல்லிவிட்டாயா என்று கேட்டாள். அவன் நேராகப் பதில் சொல்லாமல் மதியம் நடந்ததை ஆரம்பித்தான். மஜீது வந்தது, எழுந்தது, ராமசுப்பு தொட்டியடியில் பிடித்துக்கொண்டது, என்ன சொன்னான் என்பது, அதற்கு என்ன அர்த்தம் என்று தனக்குத் தோன்றியது, எல்லாவற்றையும் சொன்னான். வீட்டில் வேறு யாரிடமும் இதைச் சொல்லியிருக்க மாட்டான். ரசத்தில் பிசைந்த சோற்றை விட்டுவிட்டு ராமசுப்பு எழுந்த இடத்தில் ராஜாத்தி வாய்விட்டுச் சிரித்தாள். அண்ணனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவனை இவ்வளவு சந்தோஷமாக அவள் பார்த்து நாளாகியிருந்தது.

கட்டாயம் போனால் பந்தியும் போய்விடும் என்பதையும் அவன் சொன்னான்.

ராஜாத்தி கையை எடுத்துப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

"அண்ணே, அவுரு திட்டுனாரு இல்ல, அது நல்லாத்தான் கீது. நீ சொல்லச்சொல்ல எனக்கே நல்லா கீது. அதுக்கோசரம் நான் இன்னும் எம்மா நாளு கொட்ட எடுக்கணும்?"

குத்திக்காட்டவில்லை. அவள் குரலில் கோபமும் இல்லை. மேஸ்திரியிடம் என்ன சொல்வது என்று அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது, அதனால் கேட்டாள். படிப்பு முடிய இன்னும் எத்தனை நாள் என்பது நீலமேகத்துக்கு நன்றாகத் தெரியும்.

9

என் கடிதம் பாதியிலேயே கிடக்கிறது. யாருக்கு என்ன லாபம் என்று அதில் கேட்டிருந்தேன். லாபம் யாருக்கு என்று ஒருவாறு தெரிந்துவிட்டது. விலை எவ்வளவு என்று கேட்பதற்கும் எனக்குத் தகுதி உண்டு என்றுதான் இத்தனை பக்கமும் நினைத்துக்கொண்டிருந்தேன். ராஜாத்தி கேட்டதற்குப் பிறகு எனக்கு அந்த நினைப்பு இல்லை; விலை கொடுக்கிறவள் அவள். மகளின் மெஸ் பணத்தைக் கட்டிவிட்டேன், முணுமுணுத்துக்கொண்டே.

வெள்ளிக்கிழமை காலை மணி அடித்ததும் நீலமேகம் வால்டரின் அறைக்குப் போவான். என்ன சொல்வான் என்று நான் எழுதப்போவதில்லை. முடியவில்லை என்பதுதான் உண்மை. நீங்கள் எழுதுங்கள். ஆமாம் என்றாலும் சரி, இல்லை என்றாலும் சரி, நான் சண்டைக்கு வரமாட்டேன். கீழே இடம் விட்டிருக்கிறேன்.

ஒன்று மட்டும். எழுதி முடித்ததும் அதை எனக்கு அனுப்ப வேண்டாம், நீலமேகத்திடமும் காட்ட வேண்டாம். ராஜாத்தியிடம் கொடுங்கள், அவளே படிக்கட்டும். அஞ்சாம் வகுப்புப் பாதியில் நின்றவள், எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். சின்னச் சின்ன வார்த்தையாகப் பார்த்து எழுதுங்கள்.